கணித டீச்சரின் படத்துக்கு மாலை

ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று கண்டியில் ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. அங்கிருந்து முதலில் எழும்பிப் போனவர் பயிற்சி கொடுத்தவர்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கொழும்பில் இன்னொரு கூட்டம் இருக்கிறது என்றார், கையில் ஒரு கட்லட்டோடு வாகனத்தில் ஏறினார். அவர் முன்பு ஆசிரியராக இருந்தவராம். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தாராம். இதை அவரே மேடையில் பெருமையாகச் சொன்னபோது மண்டபத்தில் சிரித்தது நான் மட்டும்தான். முன்வரிசையில் இருந்த எங்கள் பள்ளிக்கூட அதிபர் திரும்பி என்னை முறைத்துப் பார்த்தார்.

போவதற்கு முன் எங்களை நன்றாக விளையாட வைத்துவிட்டுத்தான் போனார். ஆளுக்கொரு பலூன் தந்தார். அதை ஊதி, யாரை இழக்கவே கூடாது என்று நினைக்கிறோமோ அந்த ஆசிரியரின் பெயரை அதில் எழுதி, கீழே விழாமல் தட்டித் தட்டி மேலேயே வைத்திருக்க வேண்டும். தலை நரைத்த அதிபர்களும் என்னைப் போன்ற உப அதிபர்களும் அண்ணாந்தபடி மண்டபம் முழுக்க ஓடினோம். எங்கள் அதிபர் தன் பலூனில் கணித டீச்சரின் பெயரை எழுதியிருந்தார். ஆர்வம் கூடி மின்விசிறிப் பக்கமாகத் தட்டிவிட்டார். பலூன் வெடித்தது. "சகுனம் பாக்கிறது நம்ம மார்க்கத்துல இல்ல சேர்" என்று நான் ஆறுதல் சொன்னேன். சாப்பாடு முடியும் வரை அவர் என்னோடு பேசவில்லை.

குட்செட் பஸ் நிலையத்தில் மடவளை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் வாய் திறந்தார். பயிற்சியில் கேட்டதில் ஒரே ஒரு விஷயம் அவர் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. ஆசிரியர்கள் சம்பளம் போதாமல் போவதில்லையாம், பாராட்டு கிடைக்காமல்தான் போகிறார்களாம்.

"நாங்க யாரையும் பாராட்டுறதே இல்ல, டீச்சர். போற நேரம் மட்டும்தான் பாராட்டுறோம்" என்றார்.

அதில் உண்மை இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை என்றால் ஒரு பெருநாள். பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சஹன் சாப்பாடு, ஒரு சுவர்க்கடிகாரம், மணிக்கணக்கில் பேச்சு. இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாதவர்கள் எல்லாம் போகிறவரைத் தூக்கித் தலையில் வைத்து ஆடுவார்கள். கணிதம் படிப்பிக்க வந்தவர்களுக்கு இந்த விழா அடிக்கடி நடந்தது. ஒருவர் மாலைதீவுக்குப் போனார். அடுத்தவர் கத்தாருக்கு. மூன்றாமவர் அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை. கண்டியிலேயே ஒரு சர்வதேசப் பாடசாலைக்குப் போய் அதே கணக்குகளை ஆங்கிலத்தில் செய்கிறார். அவரை மார்க்கெட்டில் காணும்போதெல்லாம் நாங்கள் கொடுத்த கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று முறைப்பாடு சொல்வார்.

இவர்களுக்குப் பிறகு வந்தவர்தான் இந்த டீச்சர். யாழ்ப்பாணத்துப் பெண். முதல் நியமனமே எங்களிடம். கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எங்கள் ஆசிரியர் குழுவில் முஸ்லிம் அல்லாத ஒரே ஆள். அவர் வந்த பிறகு எங்கள் பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடையத் தொடங்கினார்கள், அதுவும் யாரும் கெஞ்சாமல், நேர்ச்சை வைக்காமல். அவர் வருடா வருடம் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டும் இருந்தார். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதிபர் கையெழுத்துப் போடும்போது தன் பல்லைத் தானே பிடுங்கும் ஆளின் முகம் அவருக்கு.

அந்த வருடம் தரம் பதினொன்றில் நல்ல கூட்டம் ஒன்று இருந்தது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. கணிதத்தில் தவறினால் உயர்தரக் கதவு மூடிக்கொள்ளும், பிள்ளைகள் நேரே வாப்பாவின் கடைக்கோ கல்யாணத்துக்கோதான் போக வேண்டும். டீச்சர் இடையில் போய்விட்டால் அந்த வகுப்பு யாருக்கு வரும் என்று அதிபரிடம் ஒரு தடவை கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். நான் வரலாறு படிப்பிக்கிறவள். அரசர்கள் எத்தனை பேரை வெட்டினார்கள் என்பதற்கு மேல் எனக்குக் கணக்கு தெரியாது. ஆகவே அவரைத் தக்கவைப்பதில் எனக்கு அதிபரைவிட அக்கறை அதிகம்.

என்னால் முடிந்ததை நான் செய்தும் இருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் வாங்கி, நன்றி சொல்லி, மூடியைத் திறந்து பார்த்து, "வெள்ளிக்கிழமையில முட்டை சாப்பிடமாட்டன் ரீச்சர்" என்றார். அடுத்த கிழமை செவ்வாயில் கொண்டுபோனேன். அன்று அவர்களுக்கு ஏதோ விரதம். பிறகு நான் வட்டிலப்பத்தை விட்டுவிட்டு வாழைப்பழத்துக்கு மாறினேன். வாழைப்பழத்தைக் காட்டி ஒருவரை எத்தனை காலம் ஓர் ஊரில் வைத்திருக்க முடியும்.

எங்கள் ஆசிரியர் அறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது நீளமான அறை, நடுவில் ஒரு நீள மேசை, சுற்றிக் கதிரைகள். பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. ஜன்னலோரம் இருப்பது என்னுடையது. நான் தைத்த பஞ்சுத் திண்டு அதில் கட்டியிருக்கும். இஸ்லாம் பாட மௌலவி தன் கதிரைக் காலில் பச்சை நூல் சுற்றி வைத்திருக்கிறார். சிங்களம் படிப்பிக்கும் டீச்சர் பிரசவ லீவில் போனபோதுகூடத் தன் கதிரை முதுகில் ஒரு பழைய சால்வையைப் போட்டுவிட்டுப் போனார், அது அங்கேயே கிடந்தது. இதெல்லாம் எங்கும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைத்த சட்டத்தை மீறலாம், இதை மீற முடியாது.

இந்தக் கதிரைகளுக்கெல்லாம் மேலே ஒரு கதிரை இருந்தது. அது அதிபரின் அறையில் இருந்த சுழல் கதிரை. பழைய மாணவர்கள் அன்பளிப்புச் செய்தது. பள்ளிக்கூடத்திலேயே சில்லு வைத்த ஒரே கதிரை. அசைந்தால் கீச்சென்று சத்தம் போடும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வந்தால்கூட அதிபர் அவர்களை எதிரே இருக்கும் மரக்கதிரையில்தான் உட்கார வைப்பார்.

கணித டீச்சர் மட்டும் ஓரிடத்தில் இருக்கமாட்டார். ஒரு நாள் ஜன்னல் பக்கம், ஒரு நாள் கதவு பக்கம், இன்னொரு நாள் கொப்பிகளை அள்ளிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவார். "இந்தப் புள்ளைக்கு ஓரிடத்துல இருப்புக் கொள்றதில்ல, எப்படியும் போயிடும்" என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பயிற்சி முடிந்து வந்த கிழமையே அதிபர் காரியத்தில் இறங்கிவிட்டார். மாதத்துக்கு ஓர் ஆசிரியரைத் தெரிவுசெய்து, அவருடைய பெரிய படத்தைச் சட்டம் போட்டு, நுழைவாயில் மண்டபத்துச் சுவரில் மாட்டுவது என்று திட்டம். முதல் படம் கணித டீச்சருடையது. அவருக்கே தெரியக் கூடாது, திடீரென்று பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும். படத்தை விளையாட்டுப் போட்டி அல்பத்திலிருந்து எடுத்துக் கண்டியில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் கொடுத்தார். கடைக்காரப் பையனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "தமிழ் டிசைனா சேர்" என்று சிங்களத்தில் கேட்டானாம். இவரும் ஆம் என்றாராம். அவன் தன் கணினியில் ஏற்கெனவே கிடந்த ஒரு தமிழ் டிசைனை எடுத்து, அதில் இருந்த ஆளை அகற்றிவிட்டு டீச்சரை வைத்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தாமரை, தலைக்குப் பின்னால் ஒளிக்கதிர்கள். மேகங்களும் இருந்தன.

வாசகம் அதிபருடைய சொந்தக் கற்பனை. "எங்கள் நெஞ்சங்களில் என்றும் வாழ்பவர்."

வாசகத்தோடு விட்டிருக்கலாம். கோவில் பக்கத்துக் கடையில் ஒரு மல்லிகை மாலையும் வாங்கிவந்து தன் கையாலேயே படத்துக்குப் போட்டார்.

ஏன் யாரும் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எங்களுக்கு மாலை என்றால் மகிழ்ச்சி. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவருக்கு மாலை போடுவோம், தேர்தலில் வென்றவருக்குப் போடுவோம், தோற்றவருக்கும் அடுத்த முறைக்காகப் போட்டு வைப்போம். இறந்தவரின் படத்தைச் சுவரில் மாட்டுவது எங்கள் வீடுகளில் வழக்கமே இல்லை. அதனால் அன்று காலை அந்த மண்டபத்தில் நின்ற எல்லாரும் படத்தைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றோம். மேகம் மட்டும் கொஞ்சம் கூடிப்போய்விட்டதாக எனக்குப் பட்டது. அதிபர் தன் கைபேசியில் அதைப் படம் பிடித்து, பள்ளிக்கூடத்தின் முகநூல் பக்கத்தில் போட்டு, டீச்சரின் பெயரையும் இணைத்துவிட்டார்.

டீச்சர் அன்று கட்டுகஸ்தோட்டையில் பஸ் பிந்தியதால் பின்வாசல் வழியாக ஓடிவந்து நேரே வகுப்புக்குப் போனார். போகும் வழியில் கைபேசியை அலுவலக அலுமாரியில் வைத்துவிட்டுப் போனார். அதுவும் அதிபரின் சட்டம்தான். பாட நேரத்தில் ஆசிரியர்களின் கைபேசிகள் எல்லாம் அலுமாரிக்குள், சாவி அதிபரின் சட்டைப் பைக்குள்.

முதற்பாடம் முடிவதற்குள் அலுமாரி உறுமத் தொடங்கியது. விட்டு விட்டு, பிறகு விடாமல். "பாத்தீங்களா டீச்சர், எவ்வளவு வாழ்த்து வருது" என்றார் அதிபர். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

பிறகு அலுவலகத் தொலைபேசி அடித்தது. அதிபரே எடுத்தார். நான் பக்கத்தில் நேரசூசி எழுதிக்கொண்டிருந்தேன். மறுபக்கத்தில் ஓர் ஆண்குரல். டீச்சரின் மாமாவாம், வவுனியாவிலிருந்து பேசுகிறாராம். டீச்சரின் தாயும் இப்போது அவரோடுதான் இருக்கிறாராம். அதிபர் பெருமையில் தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார், நானும் கேட்க வேண்டும் என்று.

"படம் பாத்தனாங்கள். உண்மைதானோ" என்றது குரல்.

"உண்மைதான். இன்னைக்குக் காலைலதான் மாலை போட்டோம். எல்லாரும் வந்திருந்தாங்க."

"எப்பிடி நடந்தது?"

"அல்லாஹ்ட ஏற்பாடு. எல்லாம் நல்லபடியா நடந்திச்சி."

"எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே சேர்."

"திடீர்னு தெரிஞ்சாத்தானே சந்தோசம்" என்றார் அதிபர்.

மறுபக்கத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் ஓவென்று அழுதது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. "நாங்கள் இப்பவே வாறம்" என்று குரல் சொல்லி வைத்துவிட்டது. அதிபர் என்னைப் பார்த்தார். "ஆனந்தக் கண்ணீர். குடும்பத்தோட வாறாங்களாம், சாப்பாட்டுக்குச் சொல்லணும்" என்றார். அந்த அழுகை எனக்கு ஆனந்தமாகப் படவில்லை. ஆனால் என்ன என்று பிடிபடவில்லை.

இடைவேளைக்குத்தான் பிடிபட்டது. டீச்சர் மண்டபத்துக்கு வந்தார், சுவரைப் பார்த்தார், அப்படியே நின்றார். அதிபர் கையைக் கட்டிக்கொண்டு, சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தார். டீச்சர் படத்தைப் பார்த்து, விளக்கைப் பார்த்து, மாலையைப் பார்த்து, கடைசியில் வாசகத்தை வாய்விட்டு வாசித்தார்.

"சேர், நான் எப்ப செத்தனான்?"

அதிபருக்கு விளங்கவில்லை. டீச்சர்தான் பொறுமையாக விளக்கினார், வகுப்பில் மந்தமான பிள்ளைக்குச் சொல்வதுபோல. இப்படி விளக்கு வைத்து, மாலை போட்டு, இப்படி எழுதினால் அவர்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். அதிபரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவரிடம் சாவியை வாங்கி அலுமாரியைத் திறந்தது நான்தான்.

கைபேசி நிரம்பி வழிந்தது. டீச்சர் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். ஆசிரியர் அறைக்கு வந்து எங்களுக்கு வாசித்தும் காட்டினார். வேலிச் சண்டையில் ஜென்மத்துக்கும் முகம் பார்க்கமாட்டேன் என்று போன பெரியப்பா, தங்கமான பிள்ளை என்று எழுதியிருந்தார். பள்ளித் தோழிகள் அழும் முகங்களாக அனுப்பியிருந்தார்கள். "இந்தா, என்ர சாதகத்தைப் பாத்திட்டு வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பின மாப்பிள்ளை வீட்டுக்காரரும் எழுதியிருக்கினம். நல்ல குணவதியாம்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு அவர் தாயின் தவறிய அழைப்புகளுக்கு வந்தார். அவை கைபேசித் திரையின் மேலிருந்து கீழ்வரை இருந்தன. சிரிப்பு நின்றது.

அவர் அழைத்ததும் மறுபக்கத்தில் தாயின் அலறல் அறை முழுக்கக் கேட்டது. "அம்மா, நான்தான். நான்தான் கதைக்கிறன். உயிரோட இருக்கிறன் அம்மா." இதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. தாயும் மாமாவும் வாடகைக்கு எடுத்த ஒரு வான் வண்டியில் தம்புள்ளையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். திரும்பிப் போங்கோ என்றார் டீச்சர். உன்னைக் கண்ணால் காணாமல் திரும்பமாட்டேன் என்றார் தாய். அது மட்டுமில்லை. "உடுப்பை அடுக்கி வை. இண்டைக்கே எங்களோட வாறாய். சம்பளமில்லாத லீவு போடு. மாற்றம் வரேக்க வரட்டும். செத்தவள் எண்டு படம் போட்ட இடத்தில என்ர பிள்ளை இனி ஒரு நாளும் இருக்காது."

டீச்சர் கைபேசியைக் கீழே வைத்தார். தாயின் சொல்லைத் தட்டும் பிள்ளை இல்லை அவர், அது எல்லாருக்கும் தெரியும். நான் தரம் பதினொன்றை நினைத்தேன். அன்றைய கடைசிப் பாடம் அவர்களுக்குக் கணிதம்.

அதிபர் படத்தைக் கழற்ற ஓடினார். அது உயரத்தில் கொங்கிரீட் ஆணியில் மாட்டப்பட்டிருந்தது, ஏணியை அதற்குள் யாரோ பள்ளிவாசலுக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். பதற்றத்தில் விளையாட்டுப் போட்டிக் கூடாரத்துத் துணி ஒன்றைத் தடியால் தூக்கிப் படத்தின் மேல் போட்டு மூடினார். வெள்ளைத் துணி. நான் வந்து பார்த்தபோது அந்த மண்டபத்தில் ஒப்பாரி வைக்க ஆள் மட்டும்தான் குறைவாக இருந்தது. "சேர், பேசாம நீங்க உள்ளுக்குப் போய் இருங்க" என்றேன்.

தாயும் மாமாவும் மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலிலேயே மகளைக் கட்டிப்பிடித்தார் தாய். முகத்தைத் தடவினார், கையைத் தடவினார், பிறகு தோளில் ஓர் அடி போட்டார். "போன் எடுத்தால் என்ன?" சட்டம் என்றார் மகள். மாமா யாரையாவது திட்டுவதற்கென்றே இவ்வளவு தூரம் வந்தவர். அதிபர் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குத் தெரியா, மன்னிச்சிக்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதன் பிறகு மாமாவால் திட்ட முடியவில்லை. தண்ணீர் கேட்டார்.

நான் தாயை ஆசிரியர் அறைக்குக் கூட்டிவந்தேன். தொழுகை இடைவேளை என்பதால் எல்லா ஆசிரியர்களும் அங்கே இருந்தார்கள். லீவு எடுக்க இருந்தவர்கள்கூட அன்று அரை நாள் எடுக்காமல் நின்றுவிட்டார்கள், இப்படியொரு காட்சியை யார் தவறவிடுவார்கள். நான் என் கதிரையை, பஞ்சுத் திண்டோடு, இழுத்துப் போட்டேன்.

"இருங்க, உம்மா. தூரம் வந்திருக்கிறீங்க."

"வேண்டாம் ரீச்சர். அது உங்கடை. என்ர பிள்ளையின்ர கதிரையில இருக்கிறன். எது?"

மௌலவி தன் பச்சை நூலைப் பார்த்தார். நான் கதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். இது கணக்கு, அது விஞ்ஞானம் என்று வகுப்புக்கு வகுப்பு ஆள் சொல்லத் தெரிந்த எனக்கு, அவருடையது எது என்று சொல்ல முடியவில்லை. பிரசவ லீவில் இருந்த சிங்கள டீச்சரின் சால்வை போட்ட கதிரை மட்டும் காலியாக இருந்தது.

"எல்லாம் என்ரதான் அம்மா. சும்மா இருங்கோ" என்றார் மகள், பார்வையைத் தாழ்த்திக்கொண்டு.

தாய் ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்த மாதிரி அறைகளில் வாழ்க்கையைக் கழித்தவரிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. "இவ்வளவு வருசமா நீ எங்க இருக்கிறனி?"

"ஆர் வரேல்லையோ, அவையின்ர கதிரையில."

"எல்லாரும் வந்தால்?"

"நூலகத்துக்குப் போவன்."

எனக்கு முகம் எரிந்தது. இருப்புக் கொள்ளாத பெண் என்று நாங்கள் பேசிச் சிரித்ததெல்லாம் இதைத்தான். அந்தப் பிள்ளை காலையில் வந்ததும் எங்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து, இன்று யார் வரவில்லை என்று தேடி, அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். நான் வாழைப்பழம் கொண்டுவந்து நீட்டியிருக்கிறேன், அவர் நின்றுகொண்டே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

தாய் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"செத்தாப் பிறகு படம் மாட்டச் சுவரில இடம் பாத்து வச்சிருக்கிறியள். உயிரோட இருக்கிறவள் இருக்க ஒரு கதிரை இல்லையோ?"

தாய் மகளைப் பார்த்து, "உன்ர பையை எடு. போவம்" என்றார்.

டீச்சர் பையை எடுத்தார். கொப்பிகளை அடுக்கி, எனக்கு முன்னால் வைத்தார். தரம் பதினொன்றின் கொப்பிகள். "இதில பாதி திருத்தி இருக்கு ரீச்சர்" என்று மெதுவாகச் சொன்னார். நான் அவற்றைத் தொடவில்லை. தொட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று பயம்.

அப்போதுதான் கவனித்தேன், அதிபர் அறையில் இல்லை. இந்த மனிதன் இந்த நேரத்தில் ஓடி ஒளிந்துகொண்டாரே என்று மனதுக்குள் திட்டினேன். அடுத்த நிமிடம் தாழ்வாரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கீச், கீச், கீச். எல்லாரும் வாசலைப் பார்த்தோம். அதிபர் தன் சுழல் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசற்படியில் சில்லு தடக்கியது. மௌலவி எழும்பி ஒரு பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தார். அதிபர் அதைக் கொண்டுவந்து மேசையில், எனக்கும் மௌலவிக்கும் நடுவில் விட்டார். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் கதிரைகளை நகர்த்தி இடம் கொடுத்தோம்.

"டீச்சர், இது உங்கட" என்றார். பிறகு தாயிடம் திரும்பி, "சத்தம் கொஞ்சம் ஈக்கு. எண்ணெய் போட்டுத் தாரன்" என்றார்.

தாய் கதிரையைச் சுற்றிப் பார்த்தார். கையால் அமுக்கிப் பார்த்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு திருப்பினார். கீச் என்றது. சிரிப்பு வந்த ஆசிரியர்கள் எல்லாம் இருமினார்கள்.

மணி அடித்தது. கடைசிப் பாடம். தரம் பதினொன்றின் வகுப்புத் தலைவி வாசலில் வந்து நின்றாள். அறைக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

"டீச்சர், இன்னைக்குப் பாடம் ஈக்கா?"

டீச்சர் தாயைப் பார்த்தார். தாய் அந்தப் பெண்பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு மேசையில் கிடந்த பாதி திருத்திய கொப்பிகளைப் பார்த்தார்.

"போய் வா. பிள்ளையள் காத்திருக்குதுகள்" என்றார்.

"ஓம், வாறன்" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு டீச்சர் கொப்பிகளை எனக்கு முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போனார். அவர் வரும் வரை தாய் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. நான் கொடுத்த தேநீரை அதில் இருந்தே குடித்தார். எங்கள் வகுப்புகளுக்கு நாங்கள் போய் வந்தபோதும் அங்கேயே இருந்தார், யாராவது பிடித்துவிடுவார்கள் என்று காவல் இருப்பவர்போல.

பின்னேரம் வான் கிளம்பியபோது மகள் வாசலில்தான் நின்றார், வானுக்குள் அல்ல. ஏணி வந்து படமும் கீழே இறங்கியிருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார் தாய். மாலையைக் கழற்றி அதிபரின் கையில் கொடுத்தார். "படம் வடிவாத்தான் இருக்கு. விளக்கையும் முகிலையும் வெட்டிப்போட்டால் கலியாணம் பேசுறதுக்கு உதவும்" என்றார். அன்றிலிருந்து நான் கண்டியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைகளை விசாரித்துக்கொண்டு திரிகிறேன். கெலிஓயாவில் வங்கியில் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்திலேயே இருந்தால் போச்சு, எங்கள் கணிதமும் அவரோடு போய்விடும்.

அந்தத் தரம் பதினொன்று பரீட்சை எழுதி, அநேகமானவர்கள் உயர்தரத்துக்குப் போய்விட்டார்கள். அதிபர் இப்போது ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறார். அதிகாரிகள் வந்து சுழல் கதிரை எங்கே என்று கேட்டால், இடுப்பு வலிக்கு வைத்தியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்கிறார். எண்ணெய் போட்டும் அதன் சத்தம் நிற்கவில்லை. புதிதாக யாராவது ஆசிரியர் வந்தால் டீச்சர் கீச்சென்று திரும்பி, முதல் கேள்வியாக, "உங்களுக்குக் கதிரை தந்தவையோ?" என்று கேட்கிறார். தரவில்லை என்றால் அன்று அதிபருக்கு நிம்மதி இல்லை.

இடமாற்ற விண்ணப்பம் இந்த வருடமும் போட்டிருக்கிறார். அதிபர் கையெழுத்து வைத்த அன்று நான் பொறுக்க முடியாமல் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் முன்னால் கேட்டேவிட்டேன்.

"உண்மையாவே போகத்தான் போறீங்களா மகள்?"

அவர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், கதிரையை அரைவட்டம் திருப்பினார்.

"ஓம், போட்டனான் ரீச்சர். கதிரையையும் சேத்து மாத்துவினமோ எண்டு கேட்டிருக்கிறன். அதுக்கு இன்னும் பதில் வரேல்லை."